தழும்புகள் சுவரேறிய மூன்று நாட்கள்

இன்று காலை, பிரித்த முறுக்குப் பொட்டலத்தை மூட ஒரு கிளிப் தேடி இழுப்பறையைத் துழாவினேன். கறுப்புக் கிளிப் ஒன்று கையில் அகப்பட்டது. அதன் முதுகில் வெள்ளைப் பேனாவால் 47 என்று உன் கையெழுத்து. முறுக்கை அப்படியே விட்டுவிட்டு உன்னோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்தேழு, உட்லண்ட்ஸில் இருக்கும் செல்வி அக்கா. அவர் வயிற்றில் இருந்த பிரசவ அறுவைத் தழும்பை நீ வரைந்த படத்தின் எண்.

நீ வரைந்ததெல்லாம் தழும்புகள்தாம். மருத்துவமனையில் தாதி வேலை. ஓய்வு நாளில் கரிக்கோலோடு வீடு வீடாகப் போவாய். இயந்திரம் கடித்த விரல், திறந்து தைத்த மார்பு. வரைந்த தாளை அவர்களிடமே கொடுத்துவிட்டு வருவாய். "அவங்க உடம்பு, அவங்க படம். எனக்கு எதுக்குடி?" கைப்பேசியில் எடுத்த நகல் மட்டும் உன் இணையப் பக்கத்தில் ஏறும். கைப்பேசி மாறும்போதெல்லாம் பழைய நகல்கள் போய்விட்டன. ஆறு வருடத்தில் வரைந்த தொண்ணூற்று மூன்றும் சேர்ந்திருந்த ஒரே இடம் அந்தப் பக்கம்தான்.

ஃபேரர் பார்க் கடையொன்றில் நாம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், அது காணாமல் போயிருந்தது. விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரே வரி. எந்த விதி, எந்தப் படம், ஒன்றும் இல்லை. முறையிட்டாய், அதே வரி திரும்பி வந்தது. மறுபடி எழுதினாய், பதிலே இல்லை.

"அசிங்கம்னு நினைச்சிட்டாங்க போலடி," என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அந்த வாரமே செல்வி அக்கா உனக்கு ஃபோன் செய்தார். "என் வயித்துல என்ன தப்புன்னு எடுத்துட்டாங்க?"

ஃபோனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாய். "ஒரிஜினல் எல்லாம் அவங்கவங்க வீட்டுலதானே இருக்கு? போய்க் கேப்போம் லா."

கேட்டோம். சிலர் வீடு மாறியிருந்தார்கள். ஒருவர் கதவையே திறக்கவில்லை. இறந்துபோன ஒருவரின் மகள், அப்பாவின் படத்தைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றித் தந்தாள். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், நீ வரைந்த கட்டைவிரலுக்குச் சொந்தக்காரர், படங்களைக் காட்சிக்கு வைக்க மாடியை மூன்று நாளைக்கு ஒதுக்கித் தந்தார். கயிறு கட்டி, எண் எழுதிய கிளிப்புகளில் எண்பத்தோரு படங்களைத் தொங்கவிட்டோம். வராத பன்னிரண்டுக்கும் அதனதன் எண்ணோடு வெறும் கிளிப்பை மாட்டினாய்.

பத்துப் பேர் வந்தால் போதும் என்றிருந்தோம். படிக்கட்டு வழியாக வரிசை தெருவுக்கு இறங்கியது. செல்வி அக்கா தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் "இது நான்தான். ரெண்டு பிள்ளையும் இந்த வழியாத்தான் வந்துச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி பரவி, இரண்டாம் நாள் ஒருவர் தன் படத்தைச் சுருட்டி எடுத்து வந்தார். மூன்றாம் நாள் மேலும் மூவர். வெறும் கிளிப்புகள் எட்டாகக் குறைந்தன.

அன்று பிற்பகல்தான் உன் கைப்பேசி சிணுங்கியது. பக்கம் திரும்ப வந்துவிட்டதாம். தவறுதலாக நீக்கப்பட்டதாம். அதற்கும் விளக்கம் இல்லை. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாய். "இருக்கட்டும் லா. இங்க ஆளுங்க நிக்கிறாங்க," என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, வந்தவர்களை வரவேற்கப் படிக்கட்டுக்குப் போனாய். உன் நடையை அன்று நீயே பார்த்திருக்க வேண்டும்!

எல்லோரும் படங்களோடு போன பிறகு, நான் என் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினேன். பதினேழு வயதில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிய இடம்.

"இத்தனை வருஷத்துல என்னை வரையணும்னு உனக்குத் தோணலையா?"

"நீ காட்டவே இல்லையேடி," என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

தொண்ணூற்று நான்காவது படம். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. அது என் வீட்டுக் கூடத்தில், கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் இருக்கிறது.

முழுக்கைச் சட்டை போடுவதை விட்டுவிட்டேன். நேற்று ரயிலில் பக்கத்து இருக்கைச் சிறுமி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, வலிக்குதா?"

"இல்லம்மா. தொட்டுப் பாக்கிறியா?" என்று நீட்டினேன்.