நான் வரைந்த நாலு மீட்டர்

இன்று காலை பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில் ஒரு பெண்ணிடம் கத்திவிட்டேன். அளவு சார்ட்படி பனியனின் மார்பு அகலம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நான் டேப் வைத்துப் பார்த்தேன், ஐம்பதரைதான் இருந்தது. அவள் தாளில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தாள்.

"சார்ட்ல இருக்கறதத்தானுங் சார் போட்டேன். எல்லாரும் அப்படித்தானுங்க போடறாங்க" என்றாள் பயந்துபோய்.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அவள் சொன்னது என் பதில். உன்னிடம் நான் சொல்லாமலே விட்ட பதில், மாப்ள.

நீ மடத்துக்குளம், நான் குண்டடம். ஆனாலும் நாம் பழகியது வடக்கே அந்த நிலக்கரிச் சுரங்கத்தில்தான். லீவு முடிந்து திருப்பூர் ஸ்டேஷனில் தன்பாத் ரயில் ஏறினால், உன் வீட்டுக் கட்டுச்சோற்றைச் சேலம் வருவதற்குள் நான் காலி செய்துவிடுவேன். "ஏன்டா, சர்வேயருக்கு வயிறு மட்டும் அளவில்லாம வெச்சுட்டானா ஆண்டவன்?" என்பாய்.

பூமிக்கடியில் கரியைக் குடைந்து பாதை போடும்போது, மேல்கூரையைத் தாங்கக் கரியிலேயே தூண்களை விட்டுவைக்க வேண்டும். பாதை எத்தனை அகலம், தூண் எத்தனை பருமன் என்று கணக்குப் போடுவது உன் வேலை. வெட்டியதை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. "எடுத்த கரியப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. உட்ட கரிதான்டா ஆளக் காப்பாத்தும்" என்று நீ அடிக்கடி சொல்வாய்.

பாதைக்கு அனுமதித்த அகலம் நாலு மீட்டர். ஆனால் கரி அதிகம் கிடைக்கட்டும் என்று கீழே ஐந்தரை வரை வெட்டிக்கொண்டு போனார்கள். பாதை அகன்ற அளவுக்குத் தூண் இளைக்கும். அளந்தவன் நான். என் கைநோட்டில் ஐந்தரை என்றுதான் குறித்தேன். வரைபடத்தில் மையால் போட்டது மட்டும் நாலு. யாரும் என்னை மிரட்டவில்லை. எங்கள் வரைபட அறையில் அனுமதித்த அளவைப் போடுவதுதான் வழக்கம். கூடப் போட்டால் ஆய்வு வரும், வேலை நிற்கும், ஆளாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றுவரை நல்ல பெயர் ஒன்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு அதே தூண்களை நடுவில் பிளந்து இன்னொரு பாதை எடுக்கச் சொன்னார்கள். என் வரைபடத்தை விரித்து வைத்து நீ கணக்குப் போட்டாய். பதினாறு மீட்டர்த் தூணில் நாலு போனால் பக்கத்துக்கு ஆறு மீட்டர் நிற்கும், தாங்கும் என்று கையெழுத்திட்டாய். உண்மையில் அது பதினாலரை மீட்டர்த் தூண். அதிலும் ஐந்தரை வெட்டினார்கள். பக்கத்துக்கு நாலரைதான் நின்றது. ஷிப்ட் மாறும் நேரத்தில் தூண்கள் நொறுங்கிக் கூரை இறங்கியது. பம்ப் ஓட்டுகிறவர் ஒருவர் உள்ளே இருந்தார்.

விசாரணையில் உன் கணக்கைத்தான் கேட்டார்கள். இடிந்த இடத்துக்குள் போய் யார் டேப் வைத்துப் பார்க்க முடியும்? நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. உன் வேலை போனது. அடுத்த வருடம் நானாகவே வேலையை விட்டுத் திருப்பூருக்கு வந்தேன்.

மடத்துக்குளத்தில் தென்னைக்கு நீர் பாயும் நேரமெல்லாம் கட்டிலில் நோட்டும் பென்சிலுமாக நீ உட்கார்ந்திருப்பாய். நான் வரும்போதெல்லாம் கேட்பாய்: "எங்கடா தப்புப் பண்ணுனேன்? ஒரு உசுருடா. எத்தன வாட்டி போட்டாலும் தாங்கும்னுதான் வருது."

"உடு மாப்ள, பாறைய யாரு கண்டா" என்பேன். உன் கண்ணைப் பார்க்காமல் இளநீரைக் குடிப்பேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறுவேன். ஒருநாள் அந்த நோட்டு மடியில் இருக்கும்போதே உனக்கு மாரடைத்தது. இனி யாரிடம் சொல்வது?

காரியம் முடிந்த அன்று உன் மனைவி நோட்டை என் கையில் கொடுத்தாள். "நீங்களாச்சும் பாத்துச் சொல்லுங்ணா. தப்பு எதுன்னு தெரியாமயே போயிட்டாருங்."

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பக்கத்தில் என் கைநோட்டின் அளவுகளைப் போட்டு உன் முறைப்படியே கணக்குப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தாங்காது என்று வந்தது. உன் கணக்கில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. இரண்டு நோட்டுகளும் ஒன்றாக என் பீரோவில் இருக்கின்றன.

சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் போய், "அளந்ததை எழுது கண்ணு, என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டுத் திரும்பினால் போன் அடித்தது. உன் மனைவி. வருகிற வாரம் உன் திதிக்கு அழைத்தாள். கடைசியில் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அந்த நோட்டு... தப்பு கெடச்சுதுங்களாண்ணா?"

"பாத்துட்டே இருக்கறேன் அம்மணி" என்றேன்.