விரலைப் பார்க்காதவளுக்கு

உன் பழைய போனில் இன்னும் சார்ஜ் ஏறுகிறது. கண்ணாடியின் இடது மூலையில் தொடங்கிய விரிசல் நடுவரை வந்துவிட்டது. பின்பக்கம் நீ ஒட்டிவைத்த மாதா படம் நிறம் போய், முகம் மட்டும் தெரிகிறது. காந்திபுரம் ஆபீசில் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. நம் இணையதளத்தில் எந்தச் சின்ன மாற்றம் செய்தாலும் முதலில் இதில்தான் திறந்து பார்க்கிறேன். புதிய போன்களில் தொட்டதும் வந்து நிற்கிற பக்கம் இதில் யோசித்து யோசித்து வரும். அதற்காகவே நீ இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாய். அப்பா மாற்றிப் போட்ட போன்தான் பிள்ளைகள் கைக்கு வரும், அதனால் இதில் திறந்தால்தான் திறந்ததாகக் கணக்கு என்பாய்.

திங்கட்கிழமை காலை அப்படித்தான் ஒரு மாற்றத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவிநாசி அறக்கட்டளைக்காக நாம் இருவரும் செய்த தளம். பத்தாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கானது. அதில் பெயர் சொல்லாமல் கேள்வி கேட்கும் பக்கத்துக்கு அப்போது ஒரு கேள்வி வந்து விழுந்தது. வருகிற கேள்விகளைப் பிரித்து, பதில் சொல்லும் ஆலோசகருக்கு அனுப்புவது நீ இருந்தவரை உன் வேலை. இப்போது என் வேலை.

“ப்ளஸ் ஒன்ல பயாலஜி குரூப் எடுத்துட்டேன். புடிக்கல. எங்கம்மாகிட்டச் சொல்லப் பயமெல்லாம் இல்ல. ஆனா அவங்க தட்டுல இட்லி வைக்கறப்பவே பதிலையும் வெச்சுருவாங்க. எனக்குப் பதில் வேண்டாம். சொல்லி முடிக்கற வரைக்கும் கேட்டா போதும். அதுக்கு என்ன பண்றது?”

என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பயாலஜி குரூப். எங்கள் வீட்டில் காலையில் இட்லி. கோயமுத்தூரில் பாதி வீடுகளில் இதே கதைதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இட்லி வாக்கியம் அவள் பேசுகிற பேச்சு. கொஞ்ச நாளாக அவள் என்னிடம் “ம்”, “சரி” தவிர வேறெதுவும் பேசுவதில்லை. நானும் கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தேன்.

கேள்வி எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தது என்கிற பதிவு ஒரு வாரம் சர்வரில் இருக்கும். ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று ஆலோசகர் சொன்னால் மட்டும் அதைத் திறக்க வேண்டும் என்று விதி வைத்தவள் நீ. திறக்கும் கடவுச்சொல் இருப்பது என்னிடம். எங்கள் வீட்டு இணைப்போடு அதை ஒத்துப் பார்ப்பது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதைச் செய்யவா வேண்டாமா என்றுதான் அன்றைக்கு முழுக்க உன்னோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். நீ பதில் சொல்லவில்லை. பழைய காரியங்களைத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாய்.

கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், துணிக்கடை மாடியில் இரண்டு அறை பிடித்து வெப்சைட் செய்து தர ஆரம்பித்தபோது வந்ததெல்லாம் மோட்டார் பம்ப், கல்யாண மண்டபம், பனியன் கம்பெனி. வேலை சுலபம். முதல் பக்கத்தில் முதலாளி கைகூப்பி நிற்பார். அவருக்குப் பின்னால் நிறுவனரான அப்பா மாலை போட்ட படத்திலிருந்து கைகூப்புவார். யாரும் கேட்காமலேயே அந்த இடத்தைக் காலியாக விட்டு வைப்போம். ஊட்டுக்கு வர்றவங்கள வாசல்ல நின்னு “வாங்க” என்று சொல்லாமல் உள்ளே விடுகிற பழக்கம் இந்தப் பக்கம் கிடையாதே.

அறக்கட்டளைத் தளத்தையும் அப்படியேதான் தொடங்கினோம். தலைவர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து நூல் மில்லும் பனியன் கம்பெனியுமாக வளர்ந்தவர். பரீட்சை பயம், எந்தப் படிப்பு எடுப்பது, வீட்டில் சொல்ல முடியாத விஷயம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய உண்மையான ஆசை. அவரும் அவருடைய மனைவியும் கைகூப்பி நிற்கிற படத்தை முகப்பில் வைத்தோம். கீழே வரவேற்புரை. அதற்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றும் விழா. இளைஞர்களுக்கான தளமாயிற்றே என்று நான் என் பங்குக்கு “வாங்க மச்சீஸ், கலக்கலாம்!” என்று பெரிதாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீ சிரிக்கக்கூட இல்லை.

“ஆண்டு விழாவுல ஹெட்மாஸ்டர் டான்ஸ் ஆடறாப்பல இருக்குது அம்மணி. புள்ளைங்க கண்ணை மூடிக்குவாங்க.”

மச்சியை எடுத்தேன். அப்படியும் யாரும் வரவில்லை. அறக்கட்டளை நடத்தும் பள்ளிகளில் பிரேயரில் அறிவித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். பிள்ளைகள் வந்தார்கள், முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். கோடை விடுமுறைக்குள் பிள்ளைகள் தங்கவில்லையென்றால் தளத்தை மூடிவிட்டு அதே செலவில் சைக்கிள் வாங்கித் தரலாம் என்று தலைவர் சொல்லியனுப்பினார். அவர் சொன்னதில் தப்பில்லை. சைக்கிளையாவது ஓட்டுவார்கள்.

அதற்கப்புறம்தான் நீ சாயங்காலம் ஆனால் காணாமல் போக ஆரம்பித்தாய். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு டவுன் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பாய். துடியலூர் பஸ்ஸில் ஏறி உன் வீட்டு நிறுத்தத்தையும் தாண்டிப் போய்த் திரும்பி வருவாய். பிள்ளைகள் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள், இன்னொரு கைதான் போனுக்கு, அதிலும் கட்டைவிரல் எட்டுகிற தூரம்தான் அவர்களுடைய உலகம் என்று வந்து சொன்னாய். மறுநாளே பட்டன்கள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கின. இன்னொன்றும் சொன்னாய். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் அந்தக் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. வேண்டியதைத் தொடாமல், பார்க்கிறவர்களுக்குப் பிடித்ததைத் தொடுகிறது. அதனால் நாம் பார்க்கவே கூடாது என்றாய். பார்க்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். அவிநாசிக்கு வா என்று கூப்பிட்டாய்.

தலைவர் வீட்டுக் கூடத்தை நான் மறக்கவில்லை. அவருடைய மனைவி காபியும் கைமுறுக்கும் வைத்தார். பத்தாவது படிக்கிற பேத்தி சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த விரிசல் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாய். இத்தனை பேருக்கு வேலை கொடுக்கிற மனுஷன், ஒன்றும் புரியாமல் உன் பேச்சுக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்னை மரங்களைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கழுத்து தானாகத் திரும்பியது.

“ஏனுங்க, என்ற பேத்தியை நான் பாக்கறதுக்கு என்னங்க?” என்று கேட்டார்.

“பேத்தியைப் பாருங்க ஐயா. அவ விரலைப் பாக்காதீங்க.”

அவருக்கு அது விளங்கியதா தெரியாது. மறுபடி தென்னையைப் பார்த்தார்.

அப்புறம், முன்பு இதைத் திறந்தபோது என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாய். அவள் தாத்தாவைப் பார்த்துத் தயங்கினாள். நீ ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை. அதனால்தான் அவள் சொன்னாள் என்று இப்போதும் நம்புகிறேன். முதல் தடவை திறந்ததும் படத்தில் தாத்தாவும் அம்மிச்சியும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்களாம். அவள் சோபாவில் காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் நின்று கும்பிடும்போது இவள் எழுந்து நிற்க வேண்டாமா? சங்கடமாகப் போய்விட்டதாம். மூடிவிட்டாள். வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் மூடினார்கள் என்றாள்.

நாம் வாசலில் நின்று மரியாதை செய்து மரியாதை செய்தே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர்களும் மரியாதையாகவே திரும்பிப் போயிருக்கிறார்கள். தலைவர் ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.

“என்ற படத்தை எடுத்துப்போடுங்க,” என்றார். “புள்ளைங்க உக்காந்து பாக்கட்டும்.”

அத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல நாள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் படமெல்லாம் தாண்டிக் கீழே போனபோது அந்தப் பெண் கேள்விப் பக்கத்தில் ஏதோ தட்டி அனுப்பியிருந்தாள். போன் உன் கைக்கு வந்ததும் தலைவர் இயல்பாகக் கையை நீட்டினார். என்ன கேட்டிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் அவருக்கு. நீ போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாய். நமக்குப் படி அளக்கிறவர் அவர்.

“என்ற பேத்திங்க அவ,” என்றார்.

“ஆமாங்க ஐயா. ஆனா அங்க பேரே கேக்கறதில்லீங்க. இன்னிக்கு நாம பாத்தமுன்னா நாளைக்கு ஒரு புள்ளையும் வராது.”

அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். கோபமா, வருத்தமா என்று சொல்ல முடியாத முகம். வாசல் வரை வந்து வழியனுப்பினார். கைகூப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீயும் அது என்ன கேள்வி என்று பார்க்கவில்லை. ஆபீசுக்கு வந்ததும் மற்ற கேள்விகளோடு சேர்த்து, இன்னார் கேட்டது என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் ஆலோசகருக்கு அனுப்பி வைத்தாய்.

அதற்குப் பிறகு நாம் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரவேற்புரை இருந்த இடத்தில், வாரம் ஒரு பிள்ளையின் கேள்வியைப் போட்டோம். மற்ற பிள்ளைகள் அதற்குக் கீழே எழுதினார்கள். ஆலோசகர் கடைசியில் பேசினார். நாம் எழுதியதைப் படிக்க அவர்கள் வரமாட்டார்கள், தாங்கள் எழுதியது என்ன ஆயிற்று என்று பார்க்க வருவார்கள் என்றாய். வந்தார்கள். மாதத் தேர்வு நாட்களில்கூட வந்தார்கள். சைக்கிள் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இந்தப் போனைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாய். அனுப்பும் பட்டன் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், காய்ச்சலில் விரல் நடுங்கும்போதுதான் தெரிகிறது என்றாய். பெரிதாக்கினேன். உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாளும் பிள்ளைகள் கேள்வி அனுப்பியிருந்தார்கள். நீ என்று ஒருத்தி இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. நீ செய்துவைத்த விதம் அப்படி. எனக்கு மட்டும் அது அன்றைக்கு ரொம்பக் கோபமாக இருந்தது.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். கடவுச்சொல்லைத் தட்டும் கட்டம் வரை போய்விட்டேன். ஒரு தாய்க்கு இது கூடவா உரிமையில்லை என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். அப்போதுதான் அந்தத் தலைவரின் நீட்டிய கை ஞாபகம் வந்தது. அன்றைக்கு உன்னைத் திட்டினாலும் உள்ளுக்குள், இவ்வளவு பெரிய மனுஷர் இதைக்கூடப் புரிந்துகொள்ள மாட்டாரா என்று நினைத்தவள் நான். கேட்டது சொந்தப் பிள்ளை என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்றும் தெரியவில்லை. கட்டத்தை மூடினேன். கேள்வியை, யாரோ ஒரு பிள்ளை கேட்டதாக, ஆலோசகருக்கு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி வைத்தேன். வேறெதுவும் வைக்கவில்லை. லேப்டாப்பை மேசைக்குக் கொண்டு வரவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எதிர் வீட்டு முருங்கையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். என்ன ஆச்சு உங்களுக்கு என்பதுபோல அவள் பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. எனக்கு வாய் நமநமத்தது. படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. முருங்கையில் எத்தனை காய் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

இன்று காலை அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“ம்மா, ஒண்ணு சொல்லோணும். ஒடனே பதில் சொல்லிப்போடாதீங்க.”

நான் திரும்பவில்லை. அவள் பேசினாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் முடித்ததும் என் தட்டில் காய்ந்துபோயிருந்த இட்லியைப் பார்த்து அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சர்வர் பதிவு வருகிற திங்கட்கிழமை தானாக அழிந்துவிடும். அந்தக் கேள்வி அவளுடையதுதானா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதை உனக்குக்கூட எழுதமாட்டேன். நீயும் கேட்கமாட்டாய், ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.