சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும் ஒளி

அப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் பொட்டு வைத்தேன். அவளுக்குக் கண்புரை வந்தபிறகு அது என் வேலை. இன்று வட்டம் கோணிப் போனது.

“காலேஜ் படிச்ச கைக்கு ஒரு வட்டம் போட வரலையாடி? நெத்தியெல்லாம் இழுக்குற” என்று சிரித்தாள்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ரப்பர் தோட்டத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்து, நம் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்க இருண்டு கிடந்தன. விளக்கில்லாத ஊரில் வானம் கூரைவரை இறங்கி வந்து மூச்சுவிடுவது போலிருக்கும். விடியுமுன் ஒருநாள், மரவள்ளிக் கொல்லைக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு மேலே ஒரு வெளிறிய கறையைக் காட்டினீர்கள். உற்றுப் பார்த்தேன், மறைந்துவிட்டது. பயந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நேரா பாக்காத. கொஞ்சம் தள்ளிப் பாரு, வரும்.”

வந்தது.

“என்னப்பா அது?”

“யாருக்குத் தெரியும்? எவனோ விளக்க ஊதிட்டான் போல, புகை மட்டும் நிக்குது.”

அந்த மாதமே சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் உங்களை லாரியில் ஏற்றினார்கள். பிறகு உங்களோடு ஏற்றப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் அங்கிருந்து தப்பி, காடு காடாக நடந்தே வந்து சேர்ந்தார். “அண்ணன் நல்லா இருக்காருக்கா. கண்ணால பாத்துட்டுத்தான் வரேன்” என்றார். அந்த நடைக்குப் பல மாதங்கள் ஆகியிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மா முப்பது ஆண்டுகளாகப் பொட்டு வைக்கிறாள். எனக்கோ, விடியுமுன் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் மர வரிசையின் ஓரத்தில் நீங்கள் நிற்பீர்கள். திரும்பினால் மரம்தான் இருக்கும்.

கல்லூரியில்தான் அந்தக் கறை என்னவென்று தெரிந்தது. கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த இன்னொரு மண்டலமாம். அதன் ஒளி நம் கண்ணுக்கு வர இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புறப்பட்டபோது அங்கே இருந்ததைத்தான் அது காட்டும். இன்று என்ன இருக்கிறது என்று சொல்லாது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

போன வாரம் ஜித்ராவில் ஒரு கல்யாணம். சயாமுக்குப் போய்த் திரும்பிய கிழவர் ஒருவர் பந்தியில் என் பக்கத்தில் இருந்தார். உங்கள் பெயரைச் சொன்னதும் இலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

“பக்கத்து வீட்டுக் கூட்டாளி ஓடிப்போன மறுநாளே காய்ச்சல்ல போய்ட்டாரும்மா. நான்தான் குழி வெட்டினேன்.”

பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, அப்பா. அவர் புறப்பட்டபோது அது உண்மை.

பொட்டு வைத்து முடித்ததும் அம்மா கண்ணாடியைக் கேட்டாள். நேராகப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி, ஓரமாகப் பார்த்தாள்.

“சரியா இருக்கா?”

“இருக்கும்மா.”

ஜித்ராவில் கேட்டதை அவளிடம் சொல்லப்போவதில்லை. உங்கள் சாவு இனி என்னிடம் மட்டும் இருக்கும். நாளைக் காலையும் குங்குமச் சிமிழைத் திறப்பேன்.