நஃபுலா அம்மாவைப் பெற்றவன்

ஜூலை 19, செவ்வாய்

நஃபுலா அம்மா இன்று சோளமாவு விலையைச் சொல்லி அழுதாள். மதியத்துக்குள் மூவாயிரம் பேர் கூடவே அழுதார்கள். எங்கள் ஊர் கிட்டாலே பஸ் நிலையத்தில் தக்காளி விற்கும் அறுபது வயது விதவை. ஃபேஸ்புக்கில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு முப்பத்தாறு வயது. நல்ல தக்காளி பார்த்து வாங்கக்கூடத் தெரியாது. எங்கள் மாவட்டக் கவர்னர் தேர்தலில் நிற்கும் ஐயாவுக்காக, இல்லாத அவளைக் கற்பனையில் பெற்றுப் போட்டவன் நான்.

நசாம்பு தேநீர் குடித்துக்கொண்டே அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "உங்க போஸ்டரெல்லாம் தூக்கிக் குப்பையில போடுங்க. இந்தம்மா ரெண்டு வரி எழுதினாப் போதும்." நான் ஐயாவுக்குப் போஸ்டர் வரைகிறேன் என்றுதான் என் மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள். 

ஜூலை 27, புதன்

ஐயாவின் பிரசாரத்தை நடத்தும் ஒடாங்கா தினமும் காலையில் பத்து வரிகள் அனுப்புவார். கூலிக்கு அமர்த்திய பையன்கள் அதை எடுத்து ஆளுக்கொரு பொய்ப் பெயரில் ஃபேஸ்புக்கில் ஒட்டவேண்டும். இன்று இருபத்தாறு பேர் "பத்து மணிக்கு முன்னாடி போடாதீங்க, வார்த்தையை மாத்திப் போடுங்க" என்பதையும் சேர்த்தே ஒட்டிவிட்டார்கள். இருபத்தாறு மாடுகள். அதற்கும் கீழே ஒருவன் "உண்மை, உண்மை" என்று எழுதியிருக்கிறான். இதுதான் மக்கள் குரல். த்தூ.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். சுண்டுவிரலில் மை. நசாம்பு பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. செலிமோ டீச்சர்தான் அங்கே தலைமை அதிகாரி. நசாம்புவும் அவளும் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணவேண்டும். கை கழன்றுவிடும்.

ஆகஸ்ட் 10, புதன்

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

செலிமோ ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டாள். 217 என்பதற்கு 271. உடனே எல்லோர் முன்னாலும் அடித்துத் திருத்தி, எல்லாக் கட்சி முகவர்களிடமும் அடியில் கையெழுத்து வாங்கித்தான் முடிவுத் தாளைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். நம் ஆள் கையெழுத்தும் இருக்கிறது. ஐயா பின்தங்கியிருக்கிறார். ஒடாங்கா அந்தத் தாளின் படத்தை அனுப்பிப் போன் செய்தார்.

"கீழ இருக்கிற கையெழுத்த வெட்டிடு. அடிச்சது மட்டும் தெரியட்டும். நஃபுலா கையில குடு."

"சார், அந்த டீச்சர எனக்குத் தெரியும். பேர் வராதுல்ல?"

"வராதுப்பா."

வெட்டினேன். விரலால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். "என் ஓட்டைப் பேனாவால் கொன்றுவிட்டார்களே, பிள்ளைகளே" என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். நினைத்தேனே! என்ன ஜென்மம் நான்?

ஆகஸ்ட் 11, வியாழன்

செலிமோவின் பெயர் வந்துவிட்டது. முகமும் வந்துவிட்டது. "பேர் இல்லாத திருடிய எவன்டா நம்புவான்?" என்றார் ஒடாங்கா, சிரித்துக்கொண்டே.

நசாம்பு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இவளையா என் கூடப்பிறந்தவ மாதிரி வச்சிருந்தேன்? நஃபுலா அம்மாவுக்குப் பொய் சொல்லி என்ன ஆகணும், சொல்லுங்க?" எனக்கு எதிரில் உட்கார்ந்தே அதை ஆசிரியர் குழுவுக்கும் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பினாள். நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

நசாம்புவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். 

ஆகஸ்ட் 13, சனி

செலிமோ வீட்டின்மீது கல்லெறிந்தார்கள். பட்டப்பகலில். ஜன்னல் கண்ணாடி உடைந்து அவள் மகளுக்கு நெற்றியில் ஐந்து தையல். எறிந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்களாம். மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு கபெங்கூரியாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டி எங்கள் வாசலைத் தாண்டியபோது நசாம்பு கதவருகே நின்றாள். வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

வெட்டாத படத்தை நஃபுலா அம்மா பெயரிலேயே போட்டேன். எல்லாக் கையெழுத்தும் தெரிய. "டீச்சர் திருடவில்லை, தப்பு என்மேல்தான்" என்று எழுதினேன்.

"கிழவி, எவ்ளோ வாங்கின?" "உன் தக்காளி அழுகிப்போக." நானூறு பேர் இப்படி. ஒருவன்கூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒடாங்கா கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். அடுத்து நஃபுலா அம்மாவே வந்து, யாரோ அவள் போனைத் திருடிப் பொய் எழுதிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். இந்த முறை எழுதியது ஒடாங்காவின் வேறு ஆள். எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். 

ஆகஸ்ட் 16, செவ்வாய்

நசாம்புவிடம் சொன்னேன். நம்பவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். நஃபுலா அம்மாவுக்காக எழுதிய இரண்டு வருடக் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"புருஷன் செத்த அன்னைக்கும் கடை போட்டேன்னு அந்தம்மா எழுதினது... அதுவும் நீதானா?"

கல்யாணமான பதினான்கு வருடத்தில் முதல் முறையாக 'நீ'.

"நான் அழுதேன்டா. பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக் குடுத்தியே."

தடவிக் கொடுத்தேன்தான்.

ஆகஸ்ட் 20, சனி

என் முகத்தைக் காட்டி, என் பெயர் சொல்லி, வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். "நீ யாருய்யா? நஃபுலா அம்மா சொல்லட்டும், நம்புறோம்" என்று ஒருவர். ஐயா தோற்றுவிட்டார் என்பது வேறு விஷயம். ஒடாங்காவுக்கு அடுத்த தேர்தலுக்கு இப்போதே வேறொரு வேட்பாளர் கிடைத்தாயிற்று.

ஆகஸ்ட் 24, புதன்

நசாம்பு நேற்று கபெங்கூரியா போனாள். நானும் வருகிறேன் என்றேன். "உன் மூஞ்சியையும் அவ பாக்கணுமா?"

இன்று காலை திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். செலிமோ தேநீர் போட்டுக் கொடுத்தாளாம். முழுக்கக் கேட்டாளாம். பிறகு கேட்டாளாம்: "அவன் கூலிக்கு எழுதினான். நீ எதுக்குடி அனுப்பின? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"என்ன சொல்றது? தலையக் குனிஞ்சுட்டு வந்துட்டேன்." ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீதான் யார் வாயில வேணும்னாலும் பேச்ச வைப்பியே. என் வாயில ஒண்ணு வை. அவகிட்ட நான் என்ன சொல்லணும்? எழுது."

பள்ளிக்குப் போய்விட்டாள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி வரவில்லை. மாலை ஐந்தாகிறது, வந்துவிடுவாள்.