வெறுங்கையோடு குகைக்குள் போனவளுக்கு

என் தங்கமே, தெய்வானை,

இந்த ஞாயிறு பாண்டியோடு எனக்குப் பெரிய சண்டை. நீ இருந்தால் என் பக்கம்தான் நின்றிருப்பாய் என்ற தைரியத்தில் கத்திவிட்டேன்.

நீ போய் நான்கு மாதமாகிறது. நம் ஆட்டத்தை மறுபடி தொடங்கலாம் என்று பாண்டியும் ரஹ்மத்தும் பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வந்துவிட்டார்கள். நம் தையல் கடையின் வெட்டு மேசைதான் களம். நான் கதை சொல்ல, அவர்கள் அதற்குள் ஆளாகிப் பகடை உருட்ட, எல்லாம் பழையபடிதான். உன் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

"ஏக்கா, இனிமே தெய்வாவோட மந்திரக்காரிக்குப் பொத்தான் கணக்கு வேணாமே. அவ ஞாபகமா, எத்தனை மந்திரம் வேணும்னாலும் போடட்டும்" என்றான் பாண்டி.

எனக்கு வந்ததே கோபம்!

மந்திரத்துக்கு ஒரு பொத்தான், மொத்தம் ஏழு. கதைக்குள் தூங்கி எழுந்தால் ஏழும் திரும்பக் கிடைக்கும் என்று ஆரம்பத்தில் நான்தான் அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன். நீ சும்மா விடுவாயா? ஒரு பெருச்சாளியை எரிக்க ஏழையும் கொட்டிவிட்டு, காலை பத்து மணிக்கே காட்டுக்குள் பாயை விரிப்பாய். வாளோடு நிற்கும் பாண்டிக்கு வேலையே இருக்காது. மூன்றாம் வாரம் நீயே அட்டையில் எழுதி ஒட்டினாய்: அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தால்தான் பொத்தான் திரும்பும். "இல்லேன்னா பயமே இல்லக்கா. பயமில்லாட்டி அது என்ன ஆட்டம்?" என்றாய்.

கடைசி ஆட்டத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாயே, நினைவிருக்கிறதா? பாலம் இடிந்து ஆற்றில் விழுந்த பாண்டியை மீட்க ஏழாவது பொத்தானையும் வைத்தாய். எதிரே குகை, ஊர் இன்னும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை உன் பக்கம் தள்ளினேன்.

"சீக்காளிக்குன்னு தனிச் சட்டம் போடுறியாக்கா? எடு அங்குட்டு. கையில கம்பு இருக்குல்ல, நான் போறேன்."

பகடையை உருட்டுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. ஆட்டத்தை நிறுத்திவிட்டோம். அதன்பின் நீ அந்த நாற்காலிக்கு வரவேயில்லை.

நீ திட்டியது அன்று வலித்தது, தெய்வா. அந்த ஒன்றையாவது வாங்கிக்கொண்டிருக்கக் கூடாதா? ஆனாலும் நீ தூக்கி எறிந்ததை உன் பெயரால் எவனும் அள்ளிக் கொடுக்க நான் விடமாட்டேன்.

"என்னக்கா, இப்படிக் கல்நெஞ்சா பேசுறீக?" என்றான் பாண்டி, கண் கலங்கி. பேசிவிட்டுப் போகிறேன்.

ரஹ்மத்துதான் எழுந்து வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெய்வாவோட ஆளை நான் எடுத்துக்கிறேன். எத்தனை பொத்தான் இருக்குக்கா?"

"ஒண்ணுமில்ல."

"கம்பு?"

"இருக்கு."

"அப்ப வரேன்" என்றாள்.

வரும் ஞாயிறு உன் மந்திரக்காரி குகைக்குள் போகிறாள். பகடையில் என்ன விழுகிறதோ அதைத்தான் சொல்வேன். அவள் செத்தால் செத்தாள் என்றே சொல்வேன், குரல் உடைந்தாலும் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

ஒரு பொத்தான்கூடக் கூட்டித் தராத,
உன் அக்கா