கோதண்டபாணியின் பெயர் ஓடு

இன்று மதியம் என் மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். வெள்ளிக்கிழமையோடு எனக்கு ஓய்வு. காய்ந்துபோன பசைப் புட்டி, முனை மழுங்கிய சிவப்புப் பென்சில்கள், பிடி உடைந்த ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியில் பழைய வினாத்தாளில் சுற்றிய ஒன்று கிடந்தது. பிரிக்காமலேயே என்னவென்று தெரியும். ஆனாலும் பிரித்தேன். கையகலப் பீங்கான் ஓடு. க. கோதண்டபாணி. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆமாம், அது உடையவில்லை. உங்களிடம் உடைந்துவிட்டது என்று சொன்னேன். நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. இதை நேரில் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது. தினமும் நாலு மணிக்கு ஒரே டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தோம்.

அறுபதுகளின் நடுவில் நம் கல்லூரி என்ன கல்லூரி? கருவேல முள்ளுக்கு நடுவே இரண்டு ஷெட், ஒரு சூளை, ஒரு தண்ணீர்க் குழாய். நீங்கள் களிமண் வகுப்பு ஆசிரியர், விடுதிக்கும் பொறுப்பு. நான் தலைமை எழுத்தர். சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் என் மேசையில். நாற்பது இடத்துக்கு இருபது விண்ணப்பம் வந்தாலே அது நல்ல வருடம். மே மாத வெயிலில் நாம் இருவரும் ஊர் ஊராகக் கிளம்பினால் டீக்கடைக்காரர் சிரிப்பார்: "புள்ள புடிக்கிறவங்க கெளம்பிட்டாங்க."

சேத்தியாத்தோப்பில் ஒருவர் களத்தில் நின்றபடியே கேட்டாரே, நினைவிருக்கிறதா? "சட்டி பானை செய்யறதுக்கா என் புள்ளைய காலேஜுக்கு அனுப்பணும்? அத இங்கியே செய்யறாங்களே." நான் விதிமுறைத் தாளை எடுத்து, படிப்பு மூன்று வருடம், தகுதி இன்னது என்று வாசிக்கத் தொடங்கினேன். நீங்கள் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். பையிலிருந்து, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள். "இது பீங்கானுங்க. இது இல்லன்னா கம்பத்துல கரண்டு நிக்காது, உங்க மோட்டாரு ஓடாது. இத செய்யறதுக்குத்தான் உங்க புள்ளையக் கேக்கறோம்." அவர் அதைத் தட்டிப் பார்த்தார், எடை பார்த்தார், கடைசியில் பையனைக் கூப்பிட்டார். திரும்பும் வழியெல்லாம் என் விதிமுறைத் தாளைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தீர்கள்.

சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? நடவு என்று நாலு பேர் ஊருக்குப் போவார்கள், அறுப்பு என்று ஆறு பேர் போவார்கள். பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். அதற்குத்தான் அந்தச் சுவர். முள்ளை வெட்டி, வேப்பங்கன்று நட்டு, மாணவர்களை வைத்தே வாசலில் எழுப்பினீர்கள். சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொருவனும் ஈரக் களிமண்ணில் தன் பெயரை எழுத வேண்டும். அது சூளையில் வெந்து சுவரில் ஏறும். வருடத்துக்கு ஒரு வரிசை. "பேரு இங்க இருக்குதுன்னா காலு தானா வந்துரும்" என்பீர்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் யாரையும் திருத்த விட மாட்டீர்கள். "அவன் கையால எழுதினாத்தான் சார் அவன் பேரு." வருகை எடுக்கும்போது 'ஆப்சென்ட்' என்ற சொல்லே உங்கள் வாயில் வராது. "வரல, வருவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். பதிவேட்டில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதாம்?

கோதண்டபாணி கம்மாபுரத்துப் பையன். அவனுடைய இரண்டாம் வருடத்தில் அப்பா மாட்டுவண்டியிலிருந்து விழுந்து படுக்கையாகிவிட்டார். உழவுக்கு ஆளில்லை என்று ஊருக்குப் போனவன் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. விதிப்படி அவன் பெயரைப் பதிவேட்டில் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். நீங்களோ ஞாயிறுதோறும் கம்மாபுரத்துக்குச் சைக்கிள் மிதித்தீர்கள். "வந்தான்னா மறுபடி சேத்துக்குங்க, ஒரு தாள்தானே" என்றீர்கள். சரி என்றேன்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. கல்லூரி நடக்குமா மூடுமா என்பது அவர்கள் எழுதப்போவதில் இருந்தது. அவன் சேர்ந்த வருட வரிசையில், பதிவேட்டில் இல்லாத ஐந்து பேர் சுவரில் இருந்தார்கள். யாராவது எண்ணிப் பார்த்து, இல்லாத மாணவர்களைக் காட்டுகிறோம் என்று எழுதிவிட்டால்? யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டு ஐந்தையும் பெயர்க்கச் சொன்னேன். நான்கு நொறுங்கின. ஒன்று முழுசாக வந்தது. அதை இழுப்பறையில் போட்டேன். நீங்கள் அன்றும் கம்மாபுரம் போயிருந்தீர்கள். வழக்கம்போல வெறுங்கையோடு வருவீர்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவன் தகரப் பெட்டியோடு வந்து நின்றான்.

நீங்கள் சூளையடியில் இருந்தீர்கள். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஊரிலிருந்து வருகிற எல்லாரும் செய்வதுபோல அவனும் நேராகச் சுவருக்குத்தான் போனான். தன் வரிசையை விரலால் தடவிக்கொண்டே வந்தான். பள்ளத்தில் விரல் நின்றது. பிறகு குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தான். "சார் கேட்டாருன்னா சொல்லிடுங்க. போயிட்டு வரேன் சார்." நான் எழுந்து ஓடியிருக்கலாம். கையில் குழுவுக்கான பட்டியல் இருந்தது.

அன்று மதியம் வந்த குழுத் தலைவர் சுவருக்கு முன் நின்றார். எண்ணவில்லை. "நல்லாயிருக்கே இது. நடுவுல ஏன் பல்லு விழுந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான்.

அவன் வந்து திரும்பிப் போனதைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் என் மேசைக்கு வந்தீர்கள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அந்த ஓட்ட எடுங்க சார். இப்பவே பதிச்சிட்டு காலையில போயி சொல்லிடறேன். பேரு அங்கதான் இருக்குதுன்னு சொன்னா வந்துருவான்." குழு மறுநாளும் இருக்கப்போகிறது. "ஒடஞ்சிடுச்சு சார்" என்றேன். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. குழு போனதும் கொடுத்துவிடலாம் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

நீங்கள் அதுவரை பொறுக்கவில்லை. அவன் மறுபடி எழுதட்டும் என்று ஈரச் சாக்கில் களிமண் பலகையைச் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மறுநாளே போனீர்கள். திரும்பி வந்தபோது பலகை வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. "ஒரு தடவ எழுதினது போதும் சார்ங்கறான்" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு இழுப்பறையைத் திறப்பேன்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு வருடங்கள் ஓடிவிட்டன.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறபோது, அந்த ஐந்து பள்ளத்தையும் பூசவேண்டாம் என்று மட்டும் கொத்தனாரிடம் சொல்வீர்கள். "அது அவங்க எடம்."

இப்போது விண்ணப்பம் கட்டுக் கட்டாக வருகிறது. இடம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறேன். வேம்பு ஷெட்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது. மாசிமகக் கூட்டம் கலைந்த மறுநாள் உங்களை மணிமுத்தாற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். அந்த வாரம் டீக்கடைக்காரர் பழக்கத்தில் "சார் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்போது யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் எனக்கு யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாலு மணி என்றாலே பயமாக இருக்கிறது. யோசித்தால், நீங்கள் பக்கத்தில் இருந்தபோதும் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்று நாலு மணிக்கு டீக்கடைக்குப் போகவில்லை. கொஞ்சம் சிமென்ட் குழைத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். பெயர் ஓடு அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. மற்ற நாலு பள்ளத்துக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை. புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேன் குனிந்து படித்தார். "யாரு சார் இது? பழைய ஸ்டூடண்டா?" பெயர் நீக்கப்பட்டவர் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"வரல, வருவான்" என்றேன்.

சுவரில் பூசிய சிமென்ட் இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் போகிறேன். சைக்கிளுக்கு முட்டி விடாது, பஸ்ஸில்தான். அவனுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும், என்னைத் திட்டினாலும் திட்டட்டும். உன் பேரு அங்கதான் இருக்குது, எடுத்தவன் நான்தான் என்று அவனிடம் சொல்லப்போகிறேன். அவன் என்ன சொன்னான் என்று திரும்பி வந்து சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை.