அம்மா குத்தியிருந்த பெயர் அட்டை

அன்புள்ள (பதில் போட்டால்தான்) அக்காவுக்கு,

நீ அம்மாகூட சண்டை போட்டுட்டுப் போன ரெண்டு வருஷமா, நான் உன் பேரை எடுத்தா அம்மா கரண்டியை எடுக்கிறாங்க. அது பழைய கதை.

மூணு நாளா அம்மா நல்ல சேலை கட்டி, "சர்ச் கூட்டப் போறேன்"னு கிளம்புறாங்க. விளக்கமாறு வீட்டுலேயே இருக்கு. சந்தேகம் வராதா லா?

நேத்து பின்னாலேயே போனேன். எஸ்டேட் கிளப் ஹால்ல இலக்கிய விழா. எழுத்துப் பட்டறை, பெரியவங்களுக்கு மட்டும். எனக்கு ஜன்னல் மட்டும்.

தோட்டத்துல முட்டைகோஸ் அடுக்குற அம்மா கையில பேனா. சேலையில குத்தின அட்டையில 'ரெனீ'ன்னு உன் பேரு! கள்ளப் பேர்ல உள்ளே நுழைஞ்சிருக்காங்க, திருட்டுத்தனத்துல எனக்கே குருன்னு சிரிச்சேன்.

அப்போ பட்டறை நடத்துன எழுத்தாளர், "ரெனீ, நீங்க எழுதினதை வாசிங்க"ன்னார். அம்மா எழுந்து தாளை நாலா மடிச்சாங்க. அப்புறம், "ரெனீ இன்னும் வரலைங்க"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க.

அந்தத் தாள் இப்ப அம்மாவோட பைபிளுக்குள்ள இருக்கு. நான் எடுத்துப் படிக்கல. நம்ப மாட்டே, தெரியும். நீயே வந்து பாரு. தாப்பாவுலேருந்து நம்ம ஊரு ரிங்லெட்டுக்குப் பஸ் இன்னும் ஓடுது.

இப்படிக்கு,
உன் அறுந்த வாலு